மூடிய கம்பெனிக்கு வந்த ஹேம்பர்

ரமணியின் மேசை மேல் இருந்த தீபாவளி ஹேம்பரை, பலகாரமும் முந்திரியும் அடைத்த அந்தப் பரிசுக் கூடையை, முஸ்அப் மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அக்கா, இது சாட்சிப் பொருளா, சாப்பாட்டுப் பொருளா? ஒரு முடிவு சொல்லுங்க."

"கையை எடு, முஸ்அப்."

"முந்திரியை மட்டும் தனியா விசாரிக்கிறேனே."

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை ஒன்றுக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது ரமணியின் துப்பறியும் அலுவலகம். கீழே மல்லிகை கட்டுபவர்களின் பேச்சும் வாசனையும் ஜன்னல் வழியாக ஏறி வரும். ரமணி ஐம்பதைக் கடந்தவர். காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றாமல் எந்தக் கோப்பையும் திறக்க மாட்டார். உதவியாளன் முஸ்அப் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனால் அவன் வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை.

எதிர் நாற்காலியில் இருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சுவரை தாடி. மடியில் ஒரு பழைய தோல் பை. அந்தப் பையை அவர் கீழே வைக்கவே இல்லை.

"நான் பழனியப்பன். கிள்ளான்ல அருள்ஜோதி கூலிங்னு ஒரு கம்பெனி வச்சிருந்தேன். மீன் கிடங்கு, ஐஸ் கிடங்கு, எல்லாத்துக்கும் குளிர் அறை போடுவோம். மூடி ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஏன் மூடினீங்க அண்ணே?"

"மூட வச்சான். முகுந்தன். என் பார்ட்னர்." அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் பற்கள் ஒன்றோடொன்று உரசின. "வாடிக்கைக்காரங்களை எல்லாம் மச்சான் பேர்ல இருந்த கம்பெனிக்கு இழுத்துக்கிட்டான். எங்க கம்பெனியைக் காலி பண்ணினான். லேபர் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டப்ப, 'நான் ஆறு மாசம் முன்னாடியே விலகிட்டேன், கடைசியில நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது'ன்னு கை விரிச்சான். பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு. வேலை செஞ்சவங்க சம்பளத்தைத் தின்னது நான்னு ஆகிப்போச்சு. என் வீட்டுக் கதவுல முட்டை அடிச்சாங்க. யாரு? என் கையால வேலை கத்துக்கிட்டவங்க!"

ரமணி அவர் முன் தேநீர்க் கோப்பையை நகர்த்தினார். அவர் தொடவில்லை.

"அவன் முகத்தைப் பாக்கற வரைக்கும் இந்தத் தாடியில கத்தி படாதுன்னு பத்துமலைப் படியில நின்னு சொல்லிட்டு வந்தேன். முந்தாநாள் இந்த ஹேம்பர் பழைய கம்பெனி விலாசத்துக்குப் போய், அங்கேர்ந்து என்கிட்ட வந்துச்சு. நான் தங்கியிருக்கறது ஒத்தை ரூம். தீபாவளிக்கு ஒரு முறுக்குக்கூட வாங்கலை. வாசல்ல இது வந்து நிக்குது."

முஸ்அப் கண்ணாடித் தாளுக்குள் இருந்த அட்டையைக் குனிந்து படித்தான். ஹோட்டல் மெலூர், பிரிக்பீல்ட்ஸ். எங்கள் சிறந்த கார்ப்பரேட் வாடிக்கையாளர் அருள்ஜோதி கூலிங் நிறுவனத்துக்கு நன்றி.

"செத்துப்போன கம்பெனி ஹோட்டல்ல ரூம் எடுத்துத் தங்குதா?" என்றான் முஸ்அப். "பேய்க்கு ஏர்கோன் தேவைப்படுமா அக்கா?"

"பேய் இல்ல, அவன்தான்!" பழனியப்பன் மேசையைத் தட்டினார். "தள்ளுபடி இல்லாம ஒரு தேங்காய்கூட வாங்க மாட்டான். எங்க கம்பெனிக்கு அந்த ஹோட்டல்ல ஒரு ரேட்டு இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு அங்கேயே ஒளிஞ்சிருக்கான். கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் கை தோல் பையின் மேல் அழுந்தியது. உள்ளே இரும்பு ஏதோ இடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. ரமணி அதைக் கவனித்தார். எதுவும் கேட்கவில்லை. பழிவாங்க நினைப்பவனிடம் ஆயுதத்தைப் பற்றிக் கேட்டால் அவன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். வேறு ஏதாவது கையில் கொடுத்தால்தான் விரல்கள் தளரும்.

"அண்ணே, இந்த ஹேம்பரைக் கொஞ்சம் தூக்கிட்டு வரீங்களா? ஹோட்டலுக்கு நடந்தே போயிடலாம்."

ஹேம்பர் பெரியது. இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். பழனியப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஹோட்டல் மெலூரின் வரவேற்புக் கூடத்தில் வண்ண அரிசியால் பெரிய மயில் கோலம் போட்டிருந்தார்கள். கார்ப்பரேட் விற்பனையைக் கவனித்த புனிதா அவர்களை ஓரத்து சோபாவில் உட்கார வைத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். 'கம்பெனி மூடி ரெண்டு வருஷம்' என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ அங்கிள், எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லலையே."

"பயப்படாதம்மா," என்றார் ரமணி. "இந்த கார்ப்பரேட் ரேட்டு எப்படி நடக்குதுன்னு மட்டும் எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சிம்பிள்தான் ஆன்டி. வருஷத்துல இத்தனை ராத்திரி எங்க ஆளுங்களை உங்ககிட்ட அனுப்பறோம்னு ஒரு கம்பெனி சொல்லும். பதிலுக்கு நாங்க ஒரே விலை குடுப்போம். ஸ்கூல் லீவு, தீபாவளின்னு மத்த ரூம் விலை எல்லாம் பறக்கும். இது அசையாது. பிரேக்பாஸ்ட் சேர்த்து. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கேன்சல் பண்ணாலும் காசு பிடிக்க மாட்டோம்."

"பாசார்ல கோழியை மொத்தமா எடுக்கற மாதிரி," என்றான் முஸ்அப். "என் மாமா கடையிலயும் இதேதான். தினம் வரவனுக்கு ஆம்லெட்ல ஒரு முட்டை கூட."

"அதே அதே. சொன்ன கணக்குக்கு ஆள் வரலைன்னா அடுத்த வருஷம் ரேட்டை எடுத்துடுவோம். ஆள் வந்துக்கிட்டே இருந்தா..." அவள் தயங்கினாள். "தன்னால புதுப்பிச்சிடுவோம். கம்பெனி உயிரோட இருக்கான்னு யாரும் பாக்கறதில்ல."

"புக் பண்றவங்க கம்பெனி ஆளுதான்னு எப்படித் தெரியும்?"

"கம்பெனி பேரும் கோட் நம்பரும் சொன்னா போதும். செக்-இன் பண்ணும்போது நேம் கார்டு கேக்கணும்னு ரூல் இருக்கு. ஆனா கூட்டத்துல யாரும் கேக்கறதில்ல லா."

பழனியப்பன் முன்னால் சாய்ந்தார். "யாரு தங்கறாங்க? பேரைச் சொல்லு."

"அது முடியாது அங்கிள். கெஸ்ட் பேரை வெளிய சொல்லக்கூடாது. என் வேலை போயிடும்."

"என் கம்பெனி பேர்ல..."

"அவ சொல்றது சரிதான் அண்ணே," என்றார் ரமணி. "பேர் வேண்டாம்மா. இந்தக் கம்பெனி ஆளுங்க என்ன கேப்பாங்க? அதைச் சொல்லு."

புனிதா யோசித்தாள். "காலையில சீக்கிரம் சாப்பாடு கேப்பாங்க. பெரும்பாலும் கஞ்சி. நாசி லெமாக் மாதிரி கொழுப்புச் சோத்தைத் தொடவே மாட்டாங்க. எக்ஸ்ட்ரா தலகாணி கேப்பாங்க. ஒண்ணு ரெண்டு பேரு வீல்சேர்ல வருவாங்க. நீச்சல் குளத்துப் பக்கம் யாரும் போனதில்ல."

"பில்லைக் கம்பெனி பேர்ல போட்டுக் குடுங்கன்னு கேப்பாங்களா?"

"அதான் ஆன்டி விசித்திரம்! கம்பெனி ஆளுங்க முதல்ல கேக்கறதே அதைத்தான், ஆபீஸ்ல காட்டிப் பணம் வாங்கணுமே. இவங்க ஒருத்தரும் கேட்டதில்ல. கைக்காசுதான்."

ரமணி மெல்லத் தலையசைத்தார். "அண்ணே, முகுந்தன் இங்க ஒளிஞ்சிருக்கலை. கஞ்சி, தலகாணி, வீல்சேர். இங்க தங்கறது கம்பெனி ஆளுங்க இல்ல, நோயாளிங்க. மறுநாள் காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, முதல் நாளே வந்து தங்கறாங்க."

"எவனா இருந்தாலும் என் பேரைத் திருடினவன்தானே?" பழனியப்பனின் கண்கள் சிவந்திருந்தன. "புனிதா, கையெழுத்துப் போட்டவன் நான். இன்னியிலேர்ந்து நேம் கார்டு காட்டாத எவனுக்கும் இந்த ரேட்டு கிடையாது. அந்த ரூலைக் கறாரா பிடி. எவன் வந்து மாட்டறான்னு நான் இங்கேயே உக்காந்து பாக்கறேன்."

ரமணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுக்க வழியும் இல்லை. அவர் கேட்டதில் சட்டப்படி தவறு எதுவும் கிடையாது.

பழனியப்பன் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் தமிழ்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பை மடிக்கு வந்துவிட்டது. ஹேம்பர் காலடியில் இருந்தது.

"அக்கா," முஸ்அப் கிசுகிசுத்தான், "பேப்பர் தலைகீழா இருக்கு."

"போய்த் திருப்பிக் குடு."

"கடிச்சு வச்சிடுவாரு."

பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியின் ஒரு சக்கரம் கிரீச் கிரீச் என்று ஆடியது. அதில் மெலிந்த ஓர் ஆண், போர்வையோடு. கோலத்தின் ஒரு மணி அரிசிகூடக் கலையாதபடி அவள் சுவரோரமாகச் சுற்றிப் போனாள். ரமணி அதையும் கவனித்தார்.

"அருள்ஜோதி கம்பெனி. தனலெட்சுமின்னு ரூம் போட்டிருக்கோம்."

"நேம் கார்டு காட்டுங்கக்கா," என்றாள் புனிதா.

"கார்டா? எப்பவும் கேக்க மாட்டீங்களே?"

"இன்னைலேர்ந்து கண்டிப்பா வேணுமாம். இல்லைன்னா சாதா ரேட்டுதான். லீவு நேரம்... ரெண்டு மடங்குக்கு மேல வரும்."

"என்ன சொல்றாங்க தனம்?" நாற்காலியில் இருந்தவர் சத்தமாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க!" அவரை விடச் சத்தமாகச் சொன்னாள் அவள். பிறகு புனிதாவிடம் குரல் தாழ்த்தினாள். "மெசின் ரூம்லயே வேலை பாத்துக் காது மந்தமாயிடுச்சு. தங்கச்சி, நாளைக்குக் காலையில அவருக்கு ட்ரீட்மெண்ட். ஜெஞ்சாரோம்லேர்ந்து விடியறதுக்குள்ள வர முடியாது. எங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் அந்தப் பழனியப்பன்தான் பிடுங்கினானா?"

தூணுக்குப் பின்னால் பத்திரிகை அசைந்தது.

"சம்பளத்தைத் தின்னான். இவரு உடம்பு கெட்டுப் படுத்தப்ப எட்டிக்கூடப் பாக்கலை. அவன் குடும்பம் நல்லா இருக்குமா? விளங்குவானா அவன்?"

ரமணி திரும்பிப் பார்த்தார். பத்திரிகைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. யாரைப் பிடிக்க வலை விரித்தாரோ அவன் வரவில்லை. அவருடைய பழைய ஆள் ராஜனும் ராஜனின் மனைவியும்தான் அதில் விழுந்திருந்தார்கள். தாடி வளர்த்து, எலும்பாய் இளைத்திருந்த அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு அவர்களைத் தெரிந்தது.

முஸ்அப் அதற்குள் ஒரு வேலை செய்திருந்தான். கேன்டீனிலிருந்து சூடான மைலோ ஒரு கோப்பை. "அண்ணே, குடிங்க," என்று ராஜனின் காதருகே குனிந்து கத்தினான். "சீனி கம்மி, பாசம் ஜாஸ்தி!"

ராஜன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தனலெட்சுமி அடக்கி வைத்திருந்த அழுகை வெளியே வந்துவிட்டது. ரமணி அவள் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தார். துருவித் துருவிக் கேட்டிருந்தால் அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு கோப்பை மைலோ அவளைப் பேச வைத்தது.

"இந்த ரேட்டு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது தனம்?"

"முகுந்தன் அண்ணன்தான் பிடிச்சுக் குடுத்தாரு. தெய்வம் மாதிரி. எங்களுக்கு மட்டுமில்ல, ரவாங், செமினி, எங்கேர்ந்து யாரு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அவருக்குப் போன் பண்ணாப் போதும், புக் பண்ணிக் குடுத்துடுவாரு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சர்வீஸ் சார்ஜ் வாங்குவாரு. அவ்வளவுதான்."

முஸ்அப் ரமணியைப் பார்த்தான். "கம்பெனியைத் தின்னுட்டு எலும்பை சூப் வச்சு விக்கிறாரு தெய்வம்."

"இப்ப அவருக்குப் போன் பண்ணு தனம்," என்றார் ரமணி. "கார்டு கேக்கறாங்கன்னு சொல்லு."

அவள் பேசினாள். "பக்கத்துலதான் இருக்காராம். நேர்ல வந்து ஒரு சத்தம் போட்டா சரியாயிடும்னாரு."

ரமணி கவுண்டருக்குப் போனார். "புனிதா, இந்த ரேட்டைக் கடைசியா எப்ப புதுப்பிச்சாங்க?"

"தானா புதுப்பிச்சதுக்கு முன்னாடி... அங்கிள் சொன்ன கணக்குப்படி, கம்பெனி மூடறதுக்கு முந்தின மாசம்."

"நல்லது. அவன் வந்தா ஒரே ஒரு கேள்வி கேளு. அந்த மாசம் நீங்க கம்பெனியில இருந்தீங்களா, இல்லையா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. ஆமான்னா ரேட்டு கிடைக்கும்."

முஸ்அப் மெதுவாக விசிலடித்தான். "இல்லைன்னா லேபர் ஆபீஸ்ல சொன்னது நிக்கும், கழுத்து தப்பும். அக்கா, உங்களுக்குச் சாது மூஞ்சியைக் குடுத்த ஆண்டவன் பெரிய ஆளு."

பழனியப்பன் எழுந்து பாதி தூரம் வந்திருந்தார். ரமணி அவர் எதிரே போய் நின்றார். "அண்ணே, உங்களுக்கு அவன் மண்டை வேணுமா, அவன் வாய் வேணுமா?"

அவர் பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, திரும்பித் தூணுக்குப் பின்னால் போனார்.

சிறிது நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, விரலில் கார் சாவி. முகுந்தன் கோலத்தைச் சுற்றி வரவில்லை. மயிலின் கழுத்தை மிதித்துக்கொண்டு நேராகக் கவுண்டருக்கு வந்தான்.

தனலெட்சுமி அப்போது ராஜனோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸாப் குழுவுக்குக் குரல் செய்தி பேசிக்கொண்டிருந்தாள். "யாரும் பயப்படாதீங்க, முகுந்தன் அண்ணன் வந்துட்டாரு, அவரே பேசறாரு, கேளுங்க..." விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமலே கைப்பேசியை அவன் பக்கம் நீட்டினாள்.

"யாரும்மா இங்க கார்டு கேட்டது?" முகுந்தன் தன் பழைய நேம் கார்டைக் கவுண்டரில் வீசினான். "இந்தா. அருள்ஜோதி கூலிங், டைரக்டர் முகுந்தன்."

"சாரி சார்," என்றாள் புனிதா. "எங்க பைல்ல மிஸ்டர் பழனியப்பன் பேர்தான் இருக்கு. இந்த ரேட்டைப் புதுப்பிச்சது கம்பெனி மூடறதுக்கு முந்தின மாசம். அந்த மாசம் நீங்க கம்பெனியில இருந்தீங்களா?"

"இருந்தேனாவா?" முகுந்தன் சிரித்தான். "பழனியப்பனா? அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும். கடைசி நாள் வரைக்கும் கம்பெனியை நடத்தினவன் நான். ஒவ்வொரு வெள்ளிக் காசும் என் கை வழியாத்தான் போச்சு. உங்க மேனேஜரோட பேசி இந்த ரேட்டை வாங்கினதே நான்தான். இப்ப ரூமைக் குடு!"

தனலெட்சுமியின் விரல் பொத்தானிலிருந்து நழுவியது. 'டிங்' என்று ஒரு சிறிய ஓசை. செய்தி போய்விட்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து பத்திரிகை தரையில் விழுந்தது.

பழனியப்பன் நடந்து வந்தார். அவர் கை பைக்குள் இருந்தது. முகுந்தன் முதலில் தாடியைப் பார்த்தான். பிறகு கண்களைப் பார்த்தான். விபூதிக்குக் கீழே வியர்வை அரும்பியது.

"இன்னொரு தடவை சொல்லு, முகுந்தா," என்றார் பழனியப்பன். "கொஞ்சம் சத்தமா. ராஜனுக்குக் காது சரியா கேக்காது."

"அண்ணே... சும்மா... ரேட்டுக்காகச் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சேன்னு..."

"ரேட்டு வேணும்னா டைரக்டர், சம்பளம்னா அன்னியன்," என்றான் முஸ்அப். "நல்ல வேலை பாஸ். எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க."

பழனியப்பனின் கை பையிலிருந்து வெளியே வந்தது. முழங்கை நீள ஸ்பேனர். ரமணி ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போது சக்கர நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எனக்குக் கேட்டுச்சு, முதலாளி."

ராஜன் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். தனலெட்சுமி தாடிக்காரரைப் பார்த்தாள், தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. இரண்டு வருஷமாக அந்த முகத்தில் இறங்க வேண்டும் என்று அவர் தூக்கிச் சுமந்த இரும்பு அது. முகுந்தனின் முகம் எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தது. பழனியப்பன் அவனை நன்றாகப் பார்த்தார், ஒரு மிச்சமும் வைக்காமல் பார்த்தார். பிறகு ராஜனின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"இந்தச் சக்கரம் ஏன்டா இப்படி ஆடுது? நட்டு கழண்டு கிடக்கு. நான் கத்துக்குடுத்தது இதானா?"

"கை நடுங்குது முதலாளி."

"புனிதா," என்றார் ரமணி, "இவ்வளவு நாளா உங்க ஹோட்டலை நிரப்பினது ஆஸ்பத்திரிக்கு வர்ற குடும்பங்க. கம்பெனி பேருதான் பொய், அவங்க தங்கின ராத்திரிங்க நிஜம்தானே? இதே ரேட்டை அவங்களுக்கே நேரா குடுக்கலாமான்னு மேனேஜர்கிட்ட கேளும்மா. நடுவுல ஆள் வேண்டாம்."

"கேக்கறேன் ஆன்டி. இன்னிக்கு ரூமை நானே தரேன்." புனிதா சாவி அட்டையைத் தனலெட்சுமியின் கையில் வைத்தாள்.

முஸ்அப் ஹேம்பரைத் தூக்கி ராஜனின் மடியில் வைத்தான். வைக்கும்போது முந்திரியை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தான்.

முகுந்தன் கதவைப் பார்த்து நகர்ந்தான். வாசலை எட்டுவதற்குள் அவன் பையிலிருந்த கைப்பேசி அலறியது. துண்டித்தான். மறுபடி அலறியது. அதைத் துண்டிப்பதற்குள் இன்னொரு அழைப்பு. ஜெஞ்சாரோம், ரவாங், செமினி என்று ஒவ்வொரு ஊரிலும் அந்தக் குரல் செய்தியைக் கேட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

பழனியப்பன் நட்டை இறுக்கினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுத்துப் பேசு, முகுந்தா. நம்ம ஆளுங்கதான்."